ஜரினின் அண்ணனுக்காக ஆடினோம்

இங்கே காலையில் நடக்கப் போனால் எதிரே வருகிறவர்கள் “ஹாய்” என்பார்கள். நான் வாய் திறப்பதற்குள் கடந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு ஜரின் மட்டும் நின்று, என் கையை எடுத்து முத்தமிட்டு, தன் கையை என் வாய்க்கு நேரே நீட்டுவாள். முதல் நாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். கல்யாணத்தன்று பிடித்ததோடு சரி, என் வீட்டுக்காரர்கூட நாலு பேர் எதிரில் என் கையைத் தொட்டதில்லை. இப்போதோ அந்த முத்தம் இல்லாமல் எனக்கு டப்ளினில் பொழுது விடிவதில்லை.

ஜரின் கலாஷ் இனத்துப் பெண். பாகிஸ்தானின் வடக்கே, சித்ரால் மலைகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தாக்குகளில் பழைய சாமிகளை விடாமல் வாழ்கிற சிறு கூட்டம் அது. நான் மகன் வீட்டுக்கு வந்ததுபோல் அவள் மகள் வீட்டுக்கு வந்தவள். கறுப்பு அங்கி, முதுகுவரை தொங்கும் சோழி தைத்த தலைப்பட்டை. எங்களுக்குள் கைஜாடைதான் பேச்சு. பெரிய விஷயமென்றால் அவள் மகள் இங்கிலீஷில் சொல்ல, என் மருமகள் ரேவதி தமிழாக்குவாள்.

போன தை மாதம் ஒரு நாள் அவள் தலையில் சோழிப்பட்டை இல்லை. ஊரில் அண்ணன் இறந்துவிட்டார் என்று ரேவதி மூலம் தெரிந்தது. பனியில் பாதை மூடிக் கிடந்தது, போக வழியில்லை. அவள் வீட்டுக் கூடத்தில் கட்டிக்கொண்டு அழுதோம். திடீரென்று என் தோளில் கையைப் போட்டு, பக்கவாட்டில் ஓர் அடி வைத்தாள். மயக்கம்தான் வருகிறதென்று பயந்து, பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மறுபடி எழுந்தாள். மறுபடி உட்காரவைத்தேன்.

ரேவதி வந்து மகளிடம் கேட்டுச் சொன்னாள். “அத்தை, அவங்க ஊர்ல ஆம்பளை செத்தா ஊரே ஆடிப் பாடித்தான் அனுப்புமாம். அண்ணனுக்குத் தங்கச்சி ஆடலேன்னா அவர் மனசு நொந்துபோவார்ங்கறாங்க. தனியா ஆடக் கூடாதாம், தோள் சேரணுமாம். நீங்க என்னடான்னா தண்ணி குடுத்துட்டே இருக்கீங்க!”

“நானா? கல்யாண வீட்டுலயே கை தட்டினவ இல்லடி.”

அழுத கண்ணோடு ஜரின் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எங்கள் விருதுநகர்ப் பக்கம் சாவு மேளத்துக்கு ஆடுவது ஆம்பளைகள். அப்பா போனபோது சன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். கால் தன்னால் தாளம் போட, அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அதற்குப் பிறகு என் கால் எதற்கும் ஆடியதில்லை.

அவர்கள் வீட்டுப் பேக்யார்டில் செல்போனை வைத்தார்கள். அவர்கள் ஊர் மேளம் விட்டுவிட்டுக் கேட்டது. ஜரின், அவள் மகள், மீட்டிங்கைப் பாதியில் விட்டுவந்த ரேவதி, நான். தோள்மேல் கை கோத்து, பக்கவாட்டில் அடி வைத்துச் சுற்றினோம். என் கால் எல்லாரையும் மிதித்தது. ஜரின் அண்ணன் பேரைச் சொல்லிப் பாடினாள். வேலிக்கு மேலே வெள்ளைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து “ஹேப்பி பர்த்டே!” என்று கையாட்டினார். ஜரினும் அழுதுகொண்டே கையாட்டினாள். நாங்கள் நிறுத்தவில்லை.

திரும்பி வந்ததும் எங்கள் வீட்டு வாசலில் ரேவதி கேட்டாள்: “அத்தை, நாம தலைக்குக் குளிக்கணுமா?”

“சாவுக்குப் போயிட்டு வந்தா பின்ன?” என்று உள்ளே போனேன். ஷவரைத் திறந்து தலையைக் காட்டினேன். ஜரின் கை கிடந்த வலது தோளை மட்டும் தண்ணீர் படாமல் வெளியே நீட்டிக்கொண்டு, வெகுநேரம் சாய்ந்தபடியே நின்றேன்.