கும்பத்துக்குப் பக்கத்தில் பெரிய கேசிங்

"தங்கச்சி, உங்களுக்கு உந்தச் சின்னக் கேசிங் காணும்" என்றார் கம்பியூட்டர் கடைக்காரர். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கேம் விளையாட நானே பாகம் பாகமாகப் பூட்டப்போகிற கம்பியூட்டருக்கு எது போதும் என்று இவர் ஆர் சொல்ல? சின்னப் பெட்டி மேசை ஓரத்தில் அடங்கும், உண்மைதான். ஆனால் கிராபிக்ஸ் கார்டைப் போட்டால் உள்ளே காற்றோட இடமிராது. எங்கள் சுன்னாகத்துச் செம்புழுதியைத் துடைக்கக் கையும் போகாது. ஒரு பக்கம் கண்ணாடி வைத்த பெரியதையே வாங்கினேன்.

ஸ்கூட்டியில் கட்டிக் கொண்டுவந்து இறக்கினேன்.

"உதென்ன, பிரிஜ்ஜோ? அறைக்குள்ளை வை. சனம் பார்த்தால் சிரிக்கும்" என்றா அம்மா.

அறைக்குள் இருந்து ஒவ்வொரு ஸ்குரூவாக நானே பூட்டினேன். முதல்தரம் சுவிட்சை அமத்தவே வேலை செய்தது.

சரஸ்வதி பூசையன்று கும்பத்தின் முன் புத்தகங்களை அடுக்கிய அம்மா, "உன்ரை பெட்டியையும் கொண்டு வா" என்றா. மேசையில் அது கொள்ளவில்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏற்றி, கண்ணாடியில் சந்தனப் பொட்டும் வைத்தா. பூசை முடிய எடுக்கப் போனேன்.

"பூசையிலை வைச்சதை நாளைக்கு விஜயதசமி முடியாமல் தொடப்படாது."

அன்றிரவு சிநேகிதிகளோடு விளையாட இருந்தவள் நான். கோபத்தில் வாயைத் திறக்க, சுண்டல் வாங்க வந்த பக்கத்து வீட்டு மாமி கேட்டா: "உதென்னக்கா?"

"என்ரை மகள் தன்ரை கையாலை பூட்டினது. சின்னனும் இருந்ததாம். பெரிசுதான் வேணுமெண்டு நிண்டு வாங்கினவள்."

நான் மாமிக்குச் சுண்டல் அள்ளிக் கொடுத்தேன்.