ஜீனியாவின் அட்டை வரிசை

1996ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி, வியாழக்கிழமை. வின்னிபெக்கில் அன்று குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டு டிகிரி. காற்றில்லை, வானம் தெளிவாக இருந்தது. எங்கள் திரைப்படக் கழகத்தின் பதினேழு உறுப்பினர்களும் பிற்பகல் இரண்டு மணிக்கே தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்திற்கு வந்துவிட்டனர். ஈரமான காலணிகளைச் சுவரோரம் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு அமர்ந்தோம்.

எளிதில் புரியாத படங்களை மட்டுமே எங்கள் கழகம் திரையிடும். படம் முடிந்தபின் ஜீனியா ப்ரோகோப் தம் அட்டைகளை மேசைமீது அடுக்கி முடிக்கும்வரை எவரும் படத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசக்கூடாது. இது எழுதப்படாத விதி. ஆனால் எவரும் மீறியதில்லை.

ஜீனியா, டாஃபின் என்னும் சிற்றூர் அருகே உக்ரேனியக் குடியானவர் ஒருவருக்கு ஐந்தாவது மகளாகப் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பதாம் வயதில் ரயில் சரக்கு நிலையத்தில் எழுத்தராகச் சேர்ந்து, முப்பத்தாறு ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். நூறு பெட்டிகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் வந்து நிற்கும். பெட்டிக்கு ஓர் அட்டை எழுதி, எது முதலில் கழற்றப்பட வேண்டும், எது எதன் பின்னே கோக்கப்பட வேண்டும் என்று அவர் அடுக்கித் தருவார். கணவர் இளமையிலேயே இறந்துவிட, மகள் மார்லாவைத் தனியாகவே வளர்த்தார்.

ஓய்வு பெற்ற ஆண்டில், தேவாலய மேல்தளத்தில் மற்றப் பெண்களோடு பெரோகிக் கொழுக்கட்டை மடித்துவிட்டு, எங்கள் வாக்குவாதத்தைக் கேட்டுக் கீழே இறங்கி வந்தார். கையில் மாவு ஒட்டியிருந்தது. கடைசி வரிசையில் நின்று அடுத்துத் திரையிட்ட படத்தை முழுதும் பார்த்தார்.

"அது ரெண்டு பொம்பளைங்க இல்லப்பா, ஒருத்திதான். சுவத்துல கடிகாரம் மாறுதே, யாரும் பாக்கலையா?" என்றார்.

அன்றிலிருந்து அவர் எங்களுடையவர். இருட்டிலேயே காட்சிக்கு ஓர் அட்டை எழுதுவார். பின்பு, நிகழ்ந்த காலத்தின் முறைப்படி அவற்றை அடுக்குவார். பத்தாண்டுகளில் ஒருமுறையும் தவறியதில்லை.

அந்த வியாழக்கிழமைப் படத்தில் ஒரு மனிதனின் சவ அடக்கமும் திருமணமும் சிறுபருவமும் முன்பின்னாக வந்தன. விளக்கைப் போட்டதும், மருந்துக்கடை நடத்தி ஓய்ந்த வால்டர் ஃப்ரீசன் வழக்கம்போல் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஜீனியா, இந்த ஆளு செத்தவனா, சாகப் போறவனா? அதச் சொல்லு, அப்பத்தான் எனக்குக் காப்பி தொண்டையில இறங்கும்."

"பாதிப் படம் குறட்டை விட்டவனுக்குக் கேள்வி வேறயா?" என்றார் ஜீனியா. அனைவரும் சிரித்தோம்.

ஆனால் அட்டைகள் மேசையில் இறங்கவில்லை. ஒன்றை வைத்தார், எடுத்தார், மீண்டும் வைத்தார். சவ அடக்கம், திருமணம், சிறுபருவம் என்று மூன்றும் தலைகீழாகக் கிடந்தன.

"எனக்குப் புரியலப்பா. எதுக்கு அப்புறம் எதுன்னு பிடிபட மாட்டேங்குது" என்றார்.

"கேட்டீங்களா!" என்று வால்டர் தொடையில் தட்டினார். "ஜீனியாவுக்கே தண்ணி காட்டிட்டான்யா இந்த டைரக்டர்!" பின்பு அட்டைகளின்மேல் குனிந்தவர், குரல் தாழ்த்தினார். "இருங்க, இருங்க. கிண்டல் பண்றா நம்மள. செத்தவன் பின்னால திரும்பிப் பாக்குறான். படமே தலைகீழாத்தான் ஓடுது. அதைத்தான் அடுக்கியிருக்கா!"

பதினாறு பேரும் கை தட்டினோம். ஜீனியா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு, மெல்லப் புன்னகைத்தார். அவ்வரிசையை ஓர் எழுத்தும் மாறாமல் படியெடுத்து, கழகத்தின் மாத மடலில் தட்டச்சு செய்தவள், பள்ளி ஆசிரியையாக இருந்த நான்.

அதன்பின் ஒவ்வொரு மாதமும் அவருடைய வரிசைகள் விசித்திரமாகிக்கொண்டே வந்தன. எங்கள் வியப்பும் வளர்ந்தது. மே மாதத்தில் ஒரே காட்சியை மூன்று அட்டைகளில் எழுதினார். அது அக்காட்சியின் அழுத்தம் என்றோம். ஆகஸ்டில் வெற்று அட்டை ஒன்றை நடுவில் வைத்தார். இயக்குநர் மறைத்துவிட்ட காட்சி அதுவே என்று வால்டர் அரை மணி நேரம் பேசினார். செப்டம்பரில் ஜீனியா படத்துக்கு ஒருநாள் முன்னதாகப் புதன்கிழமையே வந்து, பூட்டிய கதவின்முன் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். "ஆர்வம் தாங்கல பாரு!" என்று கேலி செய்தோம். ஒன்பது மடல்களிலும் எல்லாவற்றையும் தேதியிட்டு முறையாகப் பதிந்தேன்.

நவம்பர் பதினான்காம் தேதி காலை, காவலர்கள் அவரைச் சரக்கு நிலையத்தின் பழைய வாயிலில் கண்டெடுத்தனர். வீட்டுச் செருப்போடு நின்றுகொண்டு, தம்மை ஏன் வேலைக்கு உள்ளே விட மறுக்கிறார்கள் என்று அழுதிருக்கிறார். இடக்காலின் இரு விரல்கள் உறைந்து கறுத்துவிட்டன.

மருத்துவமனையில் படமெடுத்துப் பார்த்தபோது, மூளையின் முன்பக்கத்தில் கோழிமுட்டை அளவில் கட்டி இருந்தது. எப்போது தொடங்கியது என்று மருத்துவர் கேட்டார். பிராண்டன் நகரிலிருந்து ஓடி வந்திருந்த மார்லாவுக்குத் தெரியவில்லை. தொலைபேசியில் அம்மா நன்றாகத்தான் பேசினார் என்றாள். நான் வீட்டிற்குச் சென்று ஒன்பது மடல்களையும் எடுத்துவந்து கொடுத்தேன். மருத்துவர் ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இவ்வளவு துல்லியமா ஒரு நோயோட வரலாறு எனக்குக் கிடைச்சதே இல்லீங்க. பிப்ரவரியில கூட்டிட்டு வந்திருந்தா முழுசா எடுத்திருக்கலாம்" என்றார்.

மார்லா கடைசி மடலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்:

"கை தட்டினீங்களா, டீச்சர்? எங்கம்மாவுக்கு மூளை கெட்டுப்போனதுக்கு எல்லாரும் உக்காந்து கை தட்டினீங்களா?"

"தட்டினோம்மா" என்றேன்.

கட்டியில் எடுக்க முடிந்த பகுதியை எடுத்தனர். ஜீனியா உயிர் பிழைத்தார்; பேசினார்; எங்கள் பெயர்களைச் சரியாகச் சொன்னார். விரல் இழந்த காலோடு நடக்கவும் பழகினார். வீட்டிற்குப் போக வேண்டும் என்ற ஒன்றையே நாள்தோறும் கேட்டார்.

"சமையக்கட்டுல ஜன்னலோரம் எனக்கு ஒரு நாற்காலி போதும். நான் யாருக்கும் தொந்தரவு குடுக்க மாட்டேன்" என்பார். அவர் தனியே வாழத் தகுதியுள்ளவரா என்பதை மார்ச் மாதத்தில் ஒரு சோதனை முடிவு செய்யும். தேறாவிட்டால் முதியோர் பராமரிப்பு இல்லம்தான், வீடு விற்கப்படும் என்று சொல்லிவிட்டனர்.

சோதனையன்று மார்லாவும் நானும் சுவரோரம் அமர்ந்திருந்தோம். வால்டர் வரவில்லை, நவம்பருக்குப் பின் அவர் ஒரு படமும் பார்க்கவில்லை. ஜீனியா தலைவாரி, நீலச் சட்டை அணிந்து, ஆண்டையும் மாதத்தையும் தவறின்றிச் சொன்னார். மார்லா என் கையைப் பற்றிக்கொண்டாள்.

"இப்ப ஒரு சின்னக் கதை சொல்றேன், மிஸஸ் ப்ரோகோப். கவனமாக் கேளுங்க" என்றார் சோதனை செய்த செவிலியர். "ஒரு அம்மா ரொட்டி வாங்கக் கடைக்குப் போனாங்க. வீட்டுக்கு வந்து பார்த்தா ஒரு கையுறையைக் காணோம். திரும்பவும் அதே கடைக்குப் போனாங்க. கடைக்காரர் அதை எடுத்து வெச்சிருந்தார். அவ்வளவுதான் கதை."

ஜீனியா தலையசைத்தார். அவர் விரல்கள் மேசையின்மேல், இல்லாத எதையோ இடமிருந்து வலமாக நகர்த்தின.

"சொல்லுங்க. அந்த அம்மா ஏன் ரெண்டாவது தடவை கடைக்குப் போனாங்க?"

மேசைமேல் நகர்ந்த விரல்கள் நின்றன. ஜீனியா எங்களைப் பார்க்காமல், செவிலியரிடம் சொன்னார்:

"தெரியலைங்க."