பூங்காக் குளத்தில் நான் திறந்துவிட்ட தண்ணீர்

வெள்ளை வயிறு மேலே தெரிய, குளத்து மூலையில் கெண்டை மீன்கள் ஒதுங்கிக் கிடந்த அந்தக் காலையை நினைத்தால், பிள்ளைகளே, இன்றும் எனக்குத் தலை குனிகிறது.

செஞ்சியில் மழை பொய்த்த வருஷம் அது. பூங்காக் குளத்தில் முழங்கால் தண்ணீர்தான் மிச்சம். மோட்டார் போடுவதும் குடிதண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலப்பதும் என் வேலை. பூங்காவின் போர்வெல் வற்றிவிட்டதால், அந்தத் தொட்டித் தண்ணீரையே குளத்தோரச் சிமெண்டுத் தொட்டியில் பிடித்து, இரண்டு நாள் வெயிலில் வைத்து, மீனுக்கு ஆகாத அந்தப் பவுடர் வாசனை போன பிறகுதான் குளத்தில் விடுவேன்.

பூங்காவைக் கூட்டிக் கழுவ காண்ட்ராக்டில் ஓர் அக்கா வருவார். மீன்கள் வாயைப் பிளந்து மேலே வந்தால் முதலில் குரல் கொடுப்பவர் அவர்தான். "இன்னா தம்பி, மோட்டார் ரூம்லயே குடித்தனம் வெச்சிட்டியா? இங்க மீனுங்க மூச்சு முட்டிக் கெடக்குது பாரு!"

ஒருநாள் மேஸ்திரி வந்து, "நாளைக்கு ஆபீசர் வர்றாரு, குளம் ரொம்பித் தெரியணும்" என்றார். இரண்டு நாள் காத்திருக்க நேரமில்லை. அன்று காலைதான் பவுடர் கலந்திருந்த தண்ணீரை அப்படியே குளத்தில் திறந்துவிட்டேன். ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விடிந்தபோது மீன்கள் செத்துக் கிடந்தன. மேஸ்திரியின் கண்ணில் முதலில் பட்டது, கக்கூஸ் கழுவ அக்கா வைத்திருந்த பவுடர் பக்கெட். "இத குளத்துலயா கழுவுன?"

"படியாண்டதான் சார் கழுவுனேன். ஒரு சொட்டு உள்ள போவல."

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "நீ விட்டது வெயில்ல வெச்ச தண்ணிதானே?"

"ஆமா சார்" என்றேன். அக்கா என் முகத்தையே பார்த்தார். சந்தேகப்பட்டு அல்ல, அவருக்காக நான் ஏதாவது பேசுவேன் என்று. நான் மோட்டார் ரூமுக்குள் போய்விட்டேன். மறுநாளிலிருந்து அவருக்கு வேலை இல்லை. ஆபீசர் வருவதற்குள் செத்த மீன்களை அள்ளிவிட்டோம். வந்த ஆபீசர் குளத்தைப் பார்த்து என்னைப் பாராட்டினார். "எங்க நைனாதான் குளத்தக் காப்பாத்துனாரு" என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தீர்கள்.

போன வாரம் அனந்தபுரம் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை எடுத்துவிட்டு வந்திருந்தார், கையெல்லாம் மண். உங்களைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்த பக்கெட்ட நான் அங்க கழுவாம இருந்திருக்கணும் தம்பி. எத்தினி உசுரு! இன்னிக்கும் மீன் ஆயறப்ப கை கூசுது."

செய்யாத தப்பை இத்தனை நாளும் தன்னுடையது என்று சுமந்திருக்கிறார். நான் சொன்னது, "வுடுக்கா, பழைய கதை."

பஸ் வந்தது. முண்டியடித்து ஏறி, இடம் பிடித்து, "இங்க வா தம்பி" என்று கூப்பிட்டார். செஞ்சி வரும்வரை அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன். நீங்களும் கூட வாருங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால், உண்மையைச் சொல்லாமல் திரும்பி வர என்னால் முடியாது.