அடுத்த ஸ்பிரிண்டில்

எங்கள் குழுவில் அவருக்கு பிசினஸ் அனலிஸ்ட் என்று பதவி. நாங்கள் வைத்த பெயர் கேள்வியக்கா. ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்துக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். அங்கே போன் எடுப்பவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டு வந்து, புரோகிராமர்களுக்குப் புரிகிற மாதிரி அட்டை அட்டையாக எழுதிக் கொடுப்பது அவர் வேலை. இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. "என்கிட்டயும் கேள்வி கேட்டே உயிரை வாங்குறேம்மா" என்று மகள் அலுத்துக்கொள்வாளாம். அதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆபரேட்டர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். அப்படித்தான் ஒன்றைக் கவனித்தார். பதற்றத்தில் பலர் முகவரி சொல்வதற்குள் லைனைத் துண்டித்துவிடுகிறார்கள்; ஆபரேட்டர் எண்ணைப் பார்த்துத் திரும்ப அழைக்கிறார். நாங்கள் செய்யப்போகும் புதிய திரையிலோ, லைன் போனதும் அழைப்பு மூடி, அடுத்தது வந்து நிற்கும். எண்ணைக் குறித்துக்கொள்ள நேரமிருக்காது. ஆகவே மூடுவதையும், தானாகத் திரும்ப அழைப்பதையும் ஒரே அட்டையில் எழுதினார்.

எங்கள் டீம் லீடருக்குப் பெரிய அட்டை என்றாலே ஆகாது. ஸ்பிரிண்ட் என்று நாங்கள் சொல்லும் இரண்டு வாரத் தவணைக்குள் எந்த அட்டையும் முடிந்தாக வேண்டும்.

"இந்த ஸ்பிரிண்ட்ல அடங்காதுக்கா. ரெண்டா வெட்டிடுங்க. மூடுறது இப்போ, திரும்பக் கூப்பிடுறது அடுத்த ரெண்டு வாரத்துல."

"ரெண்டும் சேர்ந்தாத்தான் தம்பி அது ஒரு வேலை. பாதியைக் கொடுத்தா ஆபத்து."

"எல்லாத்தையும் ஆபத்துன்னு சொன்னா, எதைத்தான் ரிலீஸ் பண்றது?"

அறையில் சிரிப்பு. அக்கா வெட்டினார்.

முதல் பாதி சுவர்ப் பலகையில் 'முடிந்தது' வரிசைக்குப் போனது, கைதட்டல் வேறு. மறு பாதியை முந்திக்கொண்டு மேலதிகாரி கேட்ட அறிக்கைத் திரை வந்தது. அதற்கடுத்த முறை பட்டன்களின் நிறம். பட்டனுக்கு என்ன அவசரமோ, கடவுளுக்கே வெளிச்சம். அக்கா ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலை ஆபரேட்டர் ஒருவர் அக்காவை அழைத்தார். யாரோ ஒரு பெண், "அவருக்கு மூச்சு வரல" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். லைன் போய்விட்டது. அவளுக்கு மறுபடி லைன் கிடைத்து வண்டி போய்ச் சேர்ந்தபோது கணவனுக்கு உயிரில்லை.

"நம்பர் கண்ணு முன்னாடியே மறைஞ்சிடுச்சு மேடம்" என்று ஆபரேட்டர் அழுதாராம்.

அன்றே கூட்டம் போட்டோம். யாரையும் குறை சொல்லக் கூடாது என்பது எங்கள் கூட்டத்து விதி. லீடர் அதை நினைவுபடுத்தினார்.

"நல்ல விதி தம்பி" என்றார் அக்கா. "அந்தம்மாகிட்ட போய் யாரு சொல்றது?"

ஒரு புரோகிராமர் எழுந்து பலகையிலிருந்து மறு பாதி அட்டையை எடுத்துக்கொண்டு போனார். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டார்.