பாக்கியம் அக்காவும் நாங்கள் பெயிண்ட் அடித்த காரும்

சென்ற திங்கட்கிழமை மூன்றாம் பீரியட் முடிந்து வெளியே வந்தபோது, கௌதள்ளியிலிருந்து போன் வந்ததாகப் பள்ளிக்கூடத்துப் பியூன் சொன்னார். பாக்கியம் அக்கா காலமாகிவிட்டார். அந்த ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தவர், தூக்கத்திலேயே போய்விட்டாராம். நான் கணக்கு டீச்சர். வகுப்பில் எனக்கு வாய் ஓய்வதே இல்லை. அன்று நான்காம் பீரியடில் பிள்ளைகளை நோட்டைத் திறந்து பழைய கணக்குகளைப் பார்க்கச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மைசூரில் எங்கள் தெருக்காரர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வாடகைக் கார் ஓட்டிய கணவர் இறந்ததும், காரை விற்றுவிடு என்று யோசனை சொல்ல வந்த உறவினர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, தானே ஓட்டக் கற்றுக்கொண்டவர். முதல் நாள் ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தியபோது மற்ற டிரைவர்கள் சிரித்தார்களாம். இரண்டு வருஷத்துக்குள் அவர்களே வண்டியோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ரிப்பேர் செய்யலாமா, மாற்றிவிடலாமா என்று கேட்கத்தான்.

அக்கா பானட்டைத் திறக்கவே மாட்டார். பின் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "ஓட்டுங்க" என்பார். அவ்வளவுதான். எதிர்வீட்டு ரிட்டயர்டு குமாஸ்தாவின் காரைத் தள்ளிவிடச் சொல்லி இரண்டு மெக்கானிக்குகள் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். அக்கா அதன் சத்தத்தைக் கேட்டபடியே ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய்த் திரும்பினார். இஞ்சினில் ஒரு குறையும் இல்லை, பின்சக்கரத்து பேரிங் ஒன்றை மாற்றினால் போதும் என்றார். அந்தக் கார் இன்றைக்கும் எங்கள் தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. கூடப் போயிருந்த எனக்கு அன்று புல்லரித்துவிட்டது. அதே காதுகள்தானே எனக்கும் இருந்தன!

அப்படிப்பட்டவரிடம் எங்கள் காரைப் பற்றி மட்டும் நான் கேட்கவில்லை.

மாமனார் வாங்கிய அம்பாசிடர் அது. வயதாகி, அடிச்சட்டம் துருவேறிப்போயிருந்தது. சட்டத்தை வெட்டி ஒட்டலாம், ஆனால் இறக்கத்தில் என்ன ஆகும் என்று உத்தரவாதம் தர முடியாது என்றார் மெக்கானிக். அப்பாவின் வண்டி, எப்படியாவது ரிப்பேர் செய்வோம் என்றார் என் கணவர். தலை முழுகிவிட்டு வேறு வாங்குவோம் என்றேன் நான். மூன்று மாதம் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் அவர் விற்கச் சம்மதித்தார், துருவேறிய காரை நல்ல விலைக்குத் தள்ளிவிட நான்தான் ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். ஆயுத பூசை வந்தால் மைசூரில் ஓட்டை வண்டிக்குக்கூடப் பெயிண்ட் அடிப்பார்கள். அந்தச் சாக்கில் துருவின் மேல் பட்டி பூசி மறைத்து, மேலே பெயிண்டும் அடித்துவிட்டால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? வாங்குவதற்கு ஆளும் கிடைத்துவிட்டார், ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கத்து விவசாயி ஒருவர். விஜயதசமி நல்ல நாள், காலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அது தெருவுக்கே தெரிந்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட திருப்தியில் நான் இருந்தேன்.

பூசையன்று பகல், வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்தியிருந்தோம். பொரி வாங்கிக்கொள்ள வந்த அக்கா, காரின் கதவுக்குக் கீழே விரல் முட்டியால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் படுத்து, அடியில் பார்த்தார். எழுந்தபோது கட்டைவிரலில் ஈரப் பெயிண்டும் துருத் தூளும் ஒட்டியிருந்தன. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சாவியக் குடுங்க டீச்சர். பையனையும் கூட்டிட்டு ஏறுங்க. சாமுண்டி மலைக்குப் போயிட்டு இறங்கி வரலாமுங்க" என்றார்.

"பையன் வேண்டாங்க்கா" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"நாளைக்கு வர்றவருக்குப் புள்ளைங்க இருக்குதுங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இருக்கிறார்கள், இரண்டு பேர்.  அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "ரிப்பேரா புதுசான்னு அப்புறம் பேசிக்கலாமுங்க. அதுல யாரு உக்காரப் போறாங்கன்னு மொதல்ல பாக்கோணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பொரியை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை அந்த விவசாயி குடும்பத்தோடு வந்தார். சின்னப் பெண் அதற்குள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அக்கா தன் வீட்டு வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும். அந்தச் சுலபத்தை அவர் எனக்குத் தரவில்லை. அந்தப் பெண்ணை இறங்கச் சொல்லிவிட்டு, அரைகுறைக் கன்னடத்தில் துரு, பட்டி, பெயிண்ட் எல்லாவற்றையும் நானே சொன்னேன். விவசாயி முகம் சிவந்து போனார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். கார் பழைய இரும்புக் கடைக்குப் போனது. என் கணவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு வருஷம் பஸ்ஸில் போய்வந்தோம். அக்கா அந்தப் பேச்சை அதன்பின் எடுக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை கௌதள்ளிக்குப் போனேன். அக்காவின் மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உங்களப் பத்தி அம்மா அடிக்கடி சொல்லுவாங்க டீச்சர். யாரும் கேக்காமயே, வாங்க வந்தவங்ககிட்டக் காரோட கொறையச் சொல்லித் திருப்பி அனுப்புனீங்களாமே. அந்த மாதிரி மனுசி மைசூர்லயே வேற இல்லைன்னு சொல்லுவாங்க" என்றாள். அவள் சொன்ன கதையில் பூசை நாள் இல்லை. கட்டைவிரலில் ஒட்டிய பெயிண்ட் இல்லை. அக்காவே இல்லை.

சாவு வீட்டில் அதைத் திருத்திச் சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன். உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்: அக்கா கேட்காமலிருந்தால் அந்தக் குழந்தையை அந்தக் காரில் ஏற்றி அனுப்பியிருப்பேன். இத்தனை வருஷமாக அவர் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த அந்த மனுஷி நான் இல்லை. அந்தப் பெயரைத்தான் எனக்கு விட்டுப் போயிருக்கிறார். இனிமேல்தான் அதைச் சம்பாதிக்க வேண்டும்.