கூடையில் ஏறிய நெடி

மூலக்குளத்தில் எங்கள் தெருவில் வயிற்றுப்போக்கு. நோய் வந்த வீடுகளுக்கு மட்டும் பிளீச்சிங் பவுடர் போதுமா, எல்லா வீட்டுக்கும் வேண்டுமா என்று குடியிருப்போர் கூட்டத்தில் ஒரே சத்தம். யாரோ பவுடர் மூட்டையைப் பிரித்தார்கள். அந்த நெடி என்னை, நான் வளர்ந்த மீனவர் குப்பமான குருசுக்குப்பத்தில் கொண்டுபோய் விட்டது.

அப்போது எனக்கு எட்டு வயது. குப்பத்தில் காலரா என்று தெரிந்ததும் டவுனில் யாரும் அம்மாவிடம் மீன் வாங்கவில்லை.

"சுத்தமா இருந்தா வாங்குவாங்கடி" என்று அம்மா கூடையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். நானும் கூடப் போனேன். வாடிக்கையாக வாங்கும் டீச்சர் கூடைப் பக்கம் குனிந்தவர், சட்டென்று பின்வாங்கினார்.

"அய்யோ, உங்க வீட்டுக்கும் வந்துடுச்சா? சீக்கு வந்த வீட்டுலதான இந்தப் பவுடர் போடுறாங்க!"

கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பும் வழியெல்லாம் அம்மா தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தபடியே நடந்தாள். மறுநாள் அவள் கூடையைத் தூக்கவில்லை.

"சொல்லுங்க மேடம், சீக்கு வந்த வீட்டுக்கு மட்டும் போட்டா போதும்ல?" என்று கூட்டத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்னிடம் கேட்டார்.

"எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்ல சார்" என்றேன். "எங்க வாசல்லேந்தே ஆரம்பிங்க."