லீவுக்கு எடுத்துவைத்த விதை

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ராஸ் அல் கைமாவில் எங்கள் டைல்ஸ் தொழிற்சாலையில் ஒரு தோட்டக்காரர் இருந்தார். உடன்குடிப் பக்கம். ஒல்லியான ஆள், சட்டைப்பை மட்டும் புடைத்திருக்கும். வாசலில் அவர் வளர்த்த சிவப்பு மஞ்சள் பூவை நான் செம்பருத்தி என்றே நினைத்திருந்தேன். எனக்கு ரோஜா தவிர எல்லாமே செம்பருத்திதான். விதைப் பாக்கெட்டில் கெய்லார்டியா என்றிருந்தது. அமெரிக்கப் புல்வெளிப் பூ, மணலுக்கேற்ற வகை.

காய்ந்த பூக்களை உருவிப் பையில் போட்டுக்கொள்வார்.

“எதுக்கு அண்ணாச்சி இந்தக் குப்பை?”

“விதை சார். வீட்டுக்காரி கேட்டிருக்கா. எங்கூரும் மணல்காடுதான், வந்துரும். லீவுல கொண்டு போவணும்.”

லீவு தள்ளிப்போனது. தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பின் பின்சுவரோரம் அதே பூ பூத்தது.

“லீவு மாஃபி, கிடையாதுன்னுட்டான் சார். வச்சிருந்தா விதை கெட்டுரும்லா? இங்கயே போட்டுட்டேன்.”

அடுத்த வருடமும் அப்படியே. சுவரோரம் பூ நீண்டது. கேம்ப் அழகாகிவிட்டதாக மேனேஜர் பாராட்டினார்.

பிறகு நான் ஓமானில் சோஹாருக்கு வேலை மாறினேன். அந்தப் பூ பூக்கும் குளிர்காலம் ஒன்றில் அந்தப் பக்கம் போனபோது சுவரோரம் வெறும் மணல். விதை இந்த முறை ஊருக்கே போயிருக்க வேண்டும். யாரிடமும் விசாரிக்கவில்லை, வேறு கம்பெனிக்குப் போய்விட்டார் என்று சொல்லிவிட்டால்? மொட்டை மணலை அவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றவன் அந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.